கயிறு அவிழ்க்கும் முன்

கடற்பயண நூல்களை விரும்பிப் படிப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முதல் அதிகாரத்தை விரைந்து கடந்துவிடுவார்கள். அதில் புயல் இல்லை, திமிங்கிலம் இல்லை, துறைமுகத்தில் கட்டிப் போட்ட படகும், அதற்குள் ஆணி அடித்துக்கொண்டும் பாய் தைத்துக்கொண்டும் இருக்கும் ஒரு மனிதனும் மட்டுமே இருப்பார்கள். கதை எப்போது கடலுக்குள் இறங்கும் என்று மனம் பரபரக்கும். நானும் அப்படித்தான் படித்துவந்தேன். பெர்னார் முவாத்தெசியே எழுதிய 'நெடும்பாதை' என்னும் நூலை இரண்டாம் முறை படித்தபோதுதான், நான் தாண்டிச் சென்ற அந்தச் சில பக்கங்களிலேயே முழு நூலும் அடங்கியிருப்பதைக் கண்டேன். 1971-இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்து, ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் இன்றும் படிக்கப்படும் இந்நூலை ஒரு கத்தோலிக்க வாசகன் எவ்வாறு எடைபோடுவது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முவாத்தெசியே 1925-இல் ஹனோயில் பிறந்தவர். இந்தோ-சீனாவில், மீனவர்களோடும் அவர்களுடைய பாய்மரக் கலங்களோடும் வளர்ந்தவர். இரண்டு படகுகளை இழந்தவர். ஒன்று 1952-இல் இந்துமாக் கடலின் சாகோஸ் தீவுக் கூட்டத்தில் பாறையில் மோதியது. மற்றொன்று 1958-இல் மேற்கிந்தியத் தீவுகளில் உடைந்தது. மூன்றாவதாக, பிரான்சின் உட்பகுதியில் ஷொஃபாய் என்னும் ஊரில், கொதிகலன் செய்யும் பட்டறையில் எஃகினால் ஒரு படகைக் கட்டச் செய்தார். தந்திக் கம்பங்களையே அதற்குப் பாய்மரங்களாக நிறுத்தினார். உலகைத் தனியே சுற்றிவந்த முதல் மாலுமியான ஜோஷுவா ஸ்லோகம் நினைவாகப் படகுக்கு 'ஜோஷுவா' என்று பெயரிட்டார்.

அந்த ஸ்லோகமின் நூலையும் இங்கே ஒரு கணம் நினைத்துக்கொள்வது நல்லது. 1900-இல் வெளிவந்த அந்நூலின் தொடக்கம், அமெரிக்காவின் ஃபேர்ஹேவன் என்னும் ஊரில், வயல்வெளியில் உளுத்துக் கிடந்த ஒரு பழைய படகை அவர் மீண்டும் கட்டிய கதையாகும். 13 மாத உழைப்பு. 553 டாலர் 62 சென்ட் செலவு. கடைசிச் சென்ட் வரை கணக்கு எழுதுகிறார். இதனால் வருவாய் வருமா என்று ஊரார் கேட்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். 1895-இல் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு 1898-இல் திரும்பிய அவருடைய பயணத்தின் அமைதி முழுவதும் அந்தக் கணக்குப் புத்தகத்தில் தொடங்குகிறது. தன் கையால் பொருத்திய ஒவ்வொரு பலகையையும் அறிந்தவனுக்குக் காற்றின் மீது தனிப் பகை இருப்பதில்லை.

முவாத்தெசியேயின் முன்னுரை வேறு வகையானது. 1968-இல் இலண்டன் 'சண்டே டைம்ஸ்' இதழ் ஒரு போட்டியை அறிவித்தது. எங்கும் நிற்காமல், எவர் உதவியும் பெறாமல், தனி ஒருவராகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிவர வேண்டும். முதலில் திரும்புபவருக்குப் பொன்னுருண்டைப் பரிசு. குறைந்த நாளில் சுற்றியவருக்கு 5,000 பவுன். ஜூன் 1-க்கும் அக்டோபர் 31-க்கும் இடையில் புறப்பட்டாக வேண்டும். ஒன்பது பேர் புறப்பட்டார்கள். ஒருவரே முறையாகத் திரும்பினார்.

பிளிமத் துறைமுகத்தில் அந்தக் கோடையில் சில படகுகள் அருகருகே நின்றன. பிரெஞ்சுக்காரர்கள் முவாத்தெசியேயும் லோயிக் ஃபுஜரோனும், ஆங்கிலேயர்கள் பில் கிங்கும் நைஜல் டெட்லியும் அங்கே தத்தம் படகுகளை ஆயத்தம் செய்தார்கள். டெட்லியின் மூவுடல் படகான 'விக்ட்ரெஸ்' அவருக்குப் போட்டிக்காக வாங்கிய கருவி அன்று. அவரும் மனைவியும் குடியிருந்த வீடு.

படகில் குடியிருந்துகொண்டே படகைச் செப்பனிடுவது தனியான ஒரு வாழ்க்கை முறை. பழுது பார்க்கும் பட்டறையும் உண்ணும் இடமும் உறங்கும் இடமும் ஒன்றே. படுக்கைப் பலகையைத் தூக்கினால்தான் கருவிப் பெட்டி. கருவியை எடுத்தபின் படுக்க இடம் இராது. அடித்தளத்தில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கும். உணவு டப்பாக்களில் ஒட்டிய காகிதம் அந்த ஈரத்தில் கழன்று, நீரிறைக்கும் பொறியை அடைத்துவிடும். ஆகவே காகிதத்தை முன்பே உரித்து, டப்பாவின் மேல் வண்ணத்தால் குறியிடுவார்கள். எந்தப் பொருளும் இருட்டில் கை நீட்டினால் அகப்படும் இடத்தில் இருக்க வேண்டும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒதுக்கியது ஒவ்வொன்றும் அலையின் நடுவே தன் கணக்கைக் கேட்கும். துறையில் வாழும் அந்த நாள்களில் ஒருவன் படகைச் சோதிக்கிறான். படகும் அவனைச் சோதிக்கிறது.

இந்த இடத்தில்தான் முவாத்தெசியேயின் நூல் பிற நூல்களிலிருந்து பிரிகிறது. மற்றவர்கள் படகில் ஏற்றிய பொருள்களைப் பட்டியலிடுவார்கள். இவர் இறக்கிய பொருள்களைப் பட்டியலிடுகிறார். இயந்திரம், நங்கூரம் தூக்கும் பொறி, சிறு தோணி, மிகையான நங்கூரங்கள், பாரமான சங்கிலி, வண்ணப் பூச்சு, தேவையற்ற கடல்வரைபடங்கள், ஒரு பெட்டி நூல்கள் ஆகியவற்றைக் கரையில் இறக்கிவிடுகிறார். செய்தி அனுப்புவதற்காக இதழ் தர முன்வந்த வானொலிக் கருவியையும் மறுத்துவிடுகிறார். வழியில் காணும் கப்பல்களின் தளத்துக்குக் கவண் கொண்டு செய்திகளை எறிந்தால் போதும் என்கிறார்.

இதைத் துறவு என்று உடனே புகழ்ந்துவிட நம் மனம் விரையும். ஆனால் நூலாசிரியர் அதைத் துறவாகத் தொடங்கவில்லை. தொழிலறிவாகவே தொடங்கினார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1965-66-இல் அவரும் மனைவி பிரான்சுவாஸும் இதே படகில் தஹீத்தியிலிருந்து ஹார்ன் முனையைச் சுற்றி ஸ்பெயின் வரை 126 நாள்களில் வந்திருந்தார்கள். அப்பயணத்தில் தென்கடல் புயலில், படகின் வேகத்தைக் குறைக்கப் பின்னே கட்டியிழுத்த பாரமான கயிறுகளே படகுக்கு ஆபத்தாக மாறின. அவற்றை அறுத்துவிட்டபின் படகு அலைக்கு ஏற்ப நெளிந்து பிழைத்தது. பாரமான படகு அலையோடு மல்லுக்கு நிற்கும். இலேசான படகு அலைக்கு வழிவிட்டு மேலெழும். அணியத்திலும் அமரத்திலும் பாரம் குறைந்திருந்தால் படகு எளிதாகத் தலைதூக்கும். இந்த அறிவே பிளிமத் துறையில் அவரைப் பொருள்களை இறக்கச் செய்தது. நம் துறவியரின் அனுபவமும் இதுதானே? விட்டுவிடுவது அழகாக இருப்பதால் அவர்கள் விடவில்லை. விடாவிட்டால் கரை சேர முடியாது என்று கண்டதால் விட்டார்கள்.

இதே போட்டியில் ஆயத்தத்தின் எதிர்முகத்தையும் காண்கிறோம். இத்தாலியர் அலெக்ஸ் கரோட்சோ தம் 66 அடிப் படகை முடிக்க நேரமில்லாமல், கடைசி நாளான அக்டோபர் 31 அன்று கரைக் கயிற்றை அவிழ்த்துப் 'புறப்பட்டார்'. ஆனால் சற்றுத் தொலைவில் மிதவையில் கட்டிக்கொண்டு, எவர் உதவியும் பெறாமல் ஒரு வாரம் தனியே வேலையை முடித்தார். விதியின் சொல்லைக் காத்தார். உடலைக் காக்க முடியவில்லை. வயிற்றுப் புண் முற்றி, போர்ச்சுக்கலிலேயே பயணத்தை முடித்தார்.

அதே நாளில் டெவன் கடற்கரையின் டின்மத்திலிருந்து புறப்பட்ட டொனால்ட் க்ரோஹர்ஸ்டின் கதை இன்னும் வேதனையானது. 1970-இல் டொமாலின், ஹால் என்னும் இரு இதழாளர்கள் அதை ஒரு நூலாகவே எழுதினர். படகைக் கணிப்பொறியால் காக்கும் கருவியை அவர் அறிவித்திருந்தார். அறையில் கம்பிகள் ஓடின. அவை சென்று சேரும் கணிப்பொறி இல்லை. மாற்று உதிரிகள் பலவும், நீரிறைக்கும் குழாயும் கரையிலேயே தங்கிவிட்டன. மூடிகள் ஒழுகின. பயணம் தவறினால் படகின் விலையைத் தாமே திருப்பித் தரவேண்டும் என்னும் ஒப்பந்தத்தில் அவர் கையொப்பமிட்டிருந்தார். வீடும் அதற்கு ஈடாக நின்றது. புறப்படும் முந்தைய இரவு படகைப் பற்றித் தமக்கு நிறைவில்லை என்று மனைவியிடம் சொல்லி அழுதார். மறுநாள் புறப்பட்டார். உலகைச் சுற்றாமலே அட்லாண்டிக்கில் அலைந்து, சுற்றிவருவதாகப் பொய்ச் செய்தி அனுப்பினார். 1969 ஜூலை 10 அன்று அவருடைய படகு ஆளின்றி மிதந்துகொண்டிருந்தது.

லூக்கா நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட எண்ணியவனின் உவமை வருகிறது. அவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும். அடித்தளத்தோடு நின்றுவிட்டால் காண்பவர் நகைப்பர். இந்த உவமையை நாம் முன்யோசனைக்கான அறிவுரையாக மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். க்ரோஹர்ஸ்டின் கதையை அருகில் வைத்துப் படித்தால், உவமையில் வரும் நகைப்பு என்னும் சொல்லின் பாரம் புரிகிறது. அவரை அழித்தது கடல் அன்று. கட்டி முடிக்காத கோபுரத்தின் முன் ஊர் நகைக்குமே என்ற அச்சம். துறையிலேயே 'நான் ஆயத்தமாகவில்லை' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவமானம் சில மாதங்களில் தீர்ந்திருக்கும். அந்த வாக்கியத்தைச் சொல்ல முடியாததால், பின்னர் ஆயிரம் பொய் வாக்கியங்களை எழுத நேர்ந்தது.

அது அவரோடு முடியவும் இல்லை. க்ரோஹர்ஸ்ட் பின்னால் நெருங்கி வருகிறார் என்று நம்பிய டெட்லி, ஏற்கெனவே நைந்திருந்த தம் படகை மிகையாக ஓட்டினார். 1969 மே 21 அன்று 'விக்ட்ரெஸ்' மூழ்கியது. அவர் உயிர் தப்பினார். வீடு கடலுக்குள் போயிற்று. ஒருவனுடைய ஆயத்தமின்மை இன்னொருவனுடைய வீட்டை மூழ்கடித்தது. நம் குறைகள் நம்மோடு நின்றுவிடும் என்று எண்ணுபவர்களுக்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இனி முவாத்தெசியேயிடம் திரும்புவோம். 1968 ஆகஸ்ட் 22-இல் பிளிமத்திலிருந்து கயிறு அவிழ்த்தவர், நன்னம்பிக்கை முனையையும் ஆஸ்திரேலியாவையும் ஹார்ன் முனையையும் கடந்து அட்லாண்டிக்கில் நுழைந்தார். வேகத்துக்கான பரிசு அவருக்கே கிட்டும் என்று பலர் எதிர்பார்த்தனர். அவரோ வடக்கே ஐரோப்பாவை நோக்கிச் செல்லாமல் மீண்டும் கிழக்கே திரும்பினார். 1969 மார்ச் 18 அன்று கேப் டவுன் அருகே ஒரு கப்பலுக்குக் கவணால் செய்தி எறிந்தார். கடலில் தாம் மகிழ்ச்சியாக இருப்பதாலும், ஒருவேளை தம் ஆன்மாவைக் காத்துக்கொள்வதற்காகவும் பயணத்தைத் தொடர்வதாக அதில் அறிவித்தார். இரண்டாம் முறையாக இந்துமாக் கடலைக் கடந்து, ஜூன் 21 அன்று தஹீத்தியில் நங்கூரமிட்டார். ஏறத்தாழப் பத்து மாதங்கள். உலகின் ஒன்றரைச் சுற்று.

இந்தத் திருப்பத்தையே நூலின் உச்சம் என்று விமரிசகர்கள் கொண்டாடுகிறார்கள். திடீரென வந்த ஞானோதயம் போல அதைப் பேசுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. 1969 மார்ச் மாத முடிவு 1968 ஆகஸ்டிலேயே துறையில் எடுக்கப்பட்டுவிட்டது. இயந்திரத்தையும் வானொலியையும் கரையில் விட்டவன், திரும்பி வந்து பரிசு பெறுவதற்கான மனத்தையும் அவற்றோடு பாதி இறக்கிவிட்டான். நூலின் கட்டமைப்பே இதற்குச் சான்று. தொடக்கத்தில் பொருள்கள் கழிகின்றன; நடுவில் மணிக்கணக்கும் மைல்கணக்கும் கழிகின்றன; இறுதியில் போட்டியே கழிகிறது. ஒரே செயலின் மூன்று படிகள் இவை. இவ்வளவு சீராக வளரும் உரைநடை கடல் இலக்கியத்தில் அரிது.

ஆயினும் இந்தப் பெரிய நூலிடம் எனக்கு ஒரு வழக்கு உண்டு. கழித்த பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லும் ஆசிரியர், கழித்த மனிதர்களை எண்ணுவதில் தயங்குகிறார். தேவையற்ற சங்கிலிக்குக் கிடைத்த தெளிவு, காத்திருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடைக்கவில்லை. திரும்பி வருவேன் என்பது ஒரு வாக்கு; அதுவும் நங்கூரச் சங்கிலியைப் போலப் பாரமானதே. ஆனால் எல்லாப் பாரமும் ஒரே வகையானது அன்று. சில பாரங்கள் படகை மூழ்கடிக்கும். அடிக்கட்டையின் பாரமோ படகைக் கவிழாமல் நிமிர்த்தி வைக்கும். அதை இறக்கிவிட்டால் படகு இலேசாகும் என்பது உண்மை. நேராக நிற்காது என்பதும் உண்மை.

ஆசிரியருக்கு நியாயம் செய்யவும் வேண்டும். அவர் கல் நெஞ்சர் அல்லர். வீட்டாருக்குச் செய்தி சேரவேண்டும் என்று அவர் பட்ட பாட்டை நூலிலேயே காண்கிறோம். நன்னம்பிக்கை முனை அருகே ஒரு சரக்குக் கப்பலிடம் கடிதங்களைக் கொடுக்க முயன்றபோது, அது மோதி அணியத்தின் முன்கம்பம் வளைந்தது. பயணமே முடிந்துவிடும் என்னும் நிலையில் கப்பிகளைக் கட்டி, தனியாளாக அதை நிமிர்த்தினார். இந்துமாக் கடலில் சோர்வு அழுத்தியபோது யோகப் பயிற்சியில் இறங்கினார். திரும்புவதா, தொடர்வதா என்று பல நாள் ஊசலாடினார். அந்த ஊசலாட்டத்தை மறைக்காமல் எழுதியதே நூலின் நேர்மை.

நற்செய்தியைக் கொண்டு அவரை எளிதாகத் தண்டித்துவிடவும் முடியாது. கோபுர உவமை வரும் அதே அதிகாரத்தில், அதற்குச் சற்று முன், தந்தை, தாய், மனைவி, பிள்ளைகளையும் தன் உயிரையும் மேலாகக் கருதுகிறவன் சீடனாக இருக்க முடியாது என்னும் கடினமான போதனை நிற்கிறது. உவமைகள் முடிந்தவுடன், தன் உடைமை அனைத்தையும் விடாதவன் சீடன் ஆகான் என்று அப்பகுதி நிறைவுறுகிறது. கணக்கிடுவதும் கைவிடுவதும் ஆண்டவரின் போதனையில் அடுத்தடுத்து வருகின்றன. அப்படியானால் முவாத்தெசியே செய்தது சரிதானா?

வேறுபாடு ஒன்று உண்டென்று நினைக்கிறேன். வலையையும் தந்தையையும் விட்டுச் சென்ற கலிலேயாவின் மீனவர்கள் ஒருவரைப் பின்தொடர்ந்தார்கள். அவர் அவர்களை மீண்டும் மக்கள் கூட்டத்துக்குள்தான் அழைத்துச் சென்றார். முவாத்தெசியே ஓர் அமைதியைப் பின்தொடர்ந்தார். அது அவரை மக்களிடமிருந்து தொலைவுக்கு அழைத்துச் சென்றது. ஆன்மாவைக் காப்பது என்பது நம் திருச்சபையின் மரபில் ஒருபோதும் தனியறையின் வேலையாக இருந்ததில்லை. கோவிலின் நடுக்கூடத்தைக் கப்பல் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் அழைத்த நம் முன்னோர், அதை ஓர் ஆள் ஏறும் தோணியாகக் கட்டவில்லை.

வியப்பு என்னவெனில், இந்தக் குறை ஆசிரியருக்கே உறுத்தியிருக்கிறது. நூலின் முடிவில், இதனால் தமக்குக் கிடைக்கும் உரிமைத்தொகையைத் திருத்தந்தைக்கு அளிக்கப்போவதாக அறிவிக்கிறார். பக்தராக வாழ்ந்தவர் அல்லர். உலகம் பணத்தின் பிடியில் அழிகிறதே என்னும் தவிப்பில், தம் கையிலிருந்ததை யாரிடம் கொடுப்பது என்று தேடியபோது அவருக்குத் தோன்றிய பெயர் அது. சிலர் இதைக் கிறுக்கு என்று ஒதுக்கினர். எனக்கு இதுவே நூலின் மிக உருக்கமான இடம். எல்லாவற்றையும் கடலில் கழித்தவர், கடைசியில் கொடுப்பதற்கு ஒரு கையைத் தேடுகிறார். கழிப்பது வேறு, கொடுப்பது வேறு என்று அவர் கண்டுகொண்ட இடம் இது.

போட்டியை முடித்த ஒரே மனிதரையும் சொல்லாமல் விட முடியாது. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி' 32 அடி நீளமுள்ளது. பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. புதுமை எதுவும் இல்லாத, மெதுவான படகு. 1968 ஜூன் 14 அன்று ஃபால்மத்தில் புறப்பட்டு, 312 நாள்களுக்குப் பின், 1969 ஏப்ரல் 22 அன்று அங்கேயே திரும்பினார். அவர் பெற்ற 5,000 பவுன் பரிசை க்ரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். முவாத்தெசியேயின் உரைநடைக்கு அருகில் வைக்கத்தக்க எந்த வரியையும் அவர் எழுதவில்லை என்று சொல்லலாம். ஆனால் அந்த ஒரு செயலில், ஆன்மாவைக் காப்பது எப்படி என்னும் கேள்விக்கு அவர் விடை எழுதிவிட்டார்.

'ஜோஷுவா'வின் பிற்காலமும் நமக்கு ஒன்று சொல்கிறது. தென்கடலின் அலைகளை வென்ற அந்தச் சிவப்புப் படகு, 1982 டிசம்பரில் மெக்சிகோவின் காபோ சான் லூக்காசில் நங்கூரமிட்டு நின்றபோது, ஓர் இரவுப் புயலில் கரைக்கு அடித்துச் செல்லப்பட்டு மணலில் புதைந்தது. பின்னர் மற்றவர்கள் அதை மீட்டார்கள். இன்று பிரான்சின் லா ரோஷெல் கடல்சார் அருங்காட்சியகத்தின் உடைமையாக மீண்டும் மிதக்கிறது. முவாத்தெசியே 1994-இல் காலமாகி, பிரித்தானியின் லெ போனோவில் அடக்கம் செய்யப்பட்டார். நடுக்கடலுக்காகச் செய்த ஆயத்தம் கரையோரத்துக்குப் போதவில்லை. நம்மில் பலருக்கும் அப்படித்தான். பெரிய சோதனையைத் தாங்கியவர்கள் வீட்டு முற்றத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

விளக்கில் எண்ணெயோடு காத்திருந்த கன்னியரின் உவமையைக் கேட்கிறோம். ஆயத்தம் என்றவுடன் சேர்ப்பதையே நினைக்கிறோம்: இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னும் கொஞ்சம் சேமிப்பு, பிள்ளைகளுக்கு இன்னும் ஓர் அறை. முவாத்தெசியே இறக்குவதும் ஆயத்தமே என்று கற்றுத் தருகிறார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லவேண்டும். எதை இறக்கலாகாது என்பதை அவருடைய நூல் சொல்லாமல் விட்ட இடத்தில், நாமே நம் படகுக்குள் குனிந்து தேடவேண்டியிருக்கிறது. கயிறு இன்னும் கரையில்தான் கட்டியிருக்கிறது. பாரம் எது, அடிக்கட்டை எது என்று தட்டிப் பார்க்க, துறையில் நிற்கும் இந்த நாள்களே நமக்குத் தரப்பட்டிருக்கின்றன.